சதுக்கத்தில் ஒரு பொம்மை அதிகம்!

'யாரோ இந்த முகத்தைத் துடைத்திருக்கிறார்கள்...'

டாக்டருக்கு முதலில் தோன்றியது அதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை.

செத்தவர்களின் முகத்தில் அவள் எதையெல்லாமோ பார்த்திருக்கிறாள். மண். ரத்தம். காய்ந்துபோன கண்ணீரின் உப்பு. ஆனால் பளபளப்பை இதுவரை பார்த்ததில்லை.

இந்த முகம் பளபளத்தது!

கன்னத்தில் விரலால் லேசாகத் தேய்த்தாள். கையுறையில் மெழுகு ஒட்டிக்கொண்டது. முகர்ந்தாள். மரச்சாமான்களுக்குப் போடும் பாலிஷ்!

"மெதுவா பாருங்க மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "இவர் எங்கயும் எழுந்து ஓடிடப் போறதில்ல."

ஊரின் நடுவில், மக்களின் வரிப்பணத்தில் எழுந்து நின்ற சதுக்கம் அது. நாலு மாடி. மூன்றாவது மாடியில் தண்ணீர் வராத நீரூற்று. அதைச் சுற்றி பெஞ்சுகள். பெஞ்சுகளில் மனிதர்கள்.

இல்லை... மனிதர்களைப் போன்ற பொம்மைகள்!

கையில் பையோடு சிரிக்கும் பெண். பேப்பர் படிக்கும் கிழவர். தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும் ஜோடி. இடம் வெறிச்சோடித் தெரியக்கூடாது என்று மாநகராட்சி செய்து வைத்த ஆளுயரப் பொம்மைகள்.

அவற்றில் ஒன்றின் தோளில் சாய்ந்தபடி, மூக்குக் கண்ணாடியோடு, மடியில் கையை வைத்துக்கொண்டு...

இந்தப் பிணம்.

அதன் தலைக்கு மேலே ஒரு மின்பலகை சிவப்பாக ஒளிர்ந்தது.

'நேற்று வருகை தந்தோர்: 41,206. நன்றி! மீண்டும் வருக!'

டாக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தால் இல்லை. குளிர்! ஆயிரக்கணக்கான பேர் நடமாடுவார்கள் என்று கணக்குப் போட்டு வைத்த ஏசி, ஆளே இல்லாத மாடியில் ஐஸ் காற்றைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"யார் முதல்ல பார்த்தது?"

"நான்தான் டாக்டரம்மா!"

நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்த துப்புரவுப் பெண் எழுந்தாள். நடு வயது. கண் சிவந்திருந்தது. வாய் மட்டும் அசரவில்லை.

"முதல்ல பார்த்தது நான். நடுவுல பார்த்தது நான். கடைசியா பார்த்ததும் நான். இந்த மாடியில வேற யாரு இருக்கா?"

"நடுவுலன்னா... என்னம்மா சொல்றீங்க?"

"துடைச்சேன்."

"எதை?"

"இவரைத்தான்!"

டாக்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கிறாரா? பயத்தையா? தெரியவில்லை.

"சனிக்கிழமை காலைல வந்தேன்மா. புதுசா ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சு. மாசத்துக்கு ஒரு பொம்மை கொண்டாந்து வைப்பாங்க. சரி, இந்த மாசத்துது வந்துடுச்சுன்னு நினைச்சேன். மூக்குல கண்ணாடி வேற! 'அடேயப்பா, இந்தத் தடவை காசு செலவு பண்ணிச் செஞ்சிருக்காங்களே'ன்னு மெச்சிக்கூட சொன்னேன்."

"யார்கிட்ட?"

"இவர்கிட்டயேதான்!"

"மனுஷ உடம்புன்னு தெரியலையா?"

"எப்படித் தெரியும்? கையில உறை. அந்தப் பாலிஷ் நெடிக்கு மூக்குல துணி. இங்க என்னைத் தவிர எல்லாமே ஜில்லுன்னுதான் இருக்கு. நான் எதைத் தொட்டு மனுஷன்னு கண்டுபிடிக்கறது? சனி துடைச்சேன். ஞாயிறு துடைச்சேன். இன்னைக்கும் துடைச்சேன்..."

அவள் குரல் உடைந்தது.

"கை... மடியில இருந்து நழுவிக் கீழ விழுந்துடுச்சும்மா! பொம்மை கையை இறக்குமா?"

"கத்தின கத்தல் கீழ பஸ் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கு மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதைக் கேட்டு நாலு பேர் மேல ஓடி வந்திருக்காங்க. திறப்பு விழாவுக்கு அப்புறம் இந்த மாடிக்கு நாலு பேர் ஒண்ணா வந்தது இதுதான் முதல் தடவையாம்!"

"இவர் யாரு?"

"மதிப்பீட்டாளர். வெளியூர். கட்டினதுக்குப் பலன் இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்ல மாநகராட்சி வரவழைச்ச ஆளு. இன்னைக்கு அறிக்கை கொடுக்கணும். நாளைக்கு மன்றத்துல ஓட்டெடுப்பு. இவர் 'பலன் இருக்கு'ன்னு சொன்னா, பக்கத்துலயே இன்னொரு சதுக்கம். இரண்டாம் கட்டம்!"

"கேமரா?"

"இருக்கு."

"அதுல பார்க்கலாமே?"

"கேமராதான் இருக்கு. வயர் இரண்டாம் கட்டத்துல வருதாம்!"

டாக்டர் பிணத்தின் முழங்கையை மடக்கிப் பார்த்தாள். விறைப்பு தளர ஆரம்பித்திருந்தது. கால்களில், தொடைகளின் அடியில், ரத்தம் தேங்கிய கறைகள். அழுத்தினாள். மாறவில்லை.

"குளிர்ல இருந்திருக்காரு. அதனால அழுகல. ஆனா இன்னைக்குச் செத்தவர் இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரியா இருக்கலாம். உடம்பைத் திறந்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்."

இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்து மின்பலகையைப் பார்த்தார்.

"அப்போ சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இங்கயே உட்கார்ந்திருந்தாரா? இத்தனை ஆயிரம் பேர் வந்து போயிருக்காங்கன்னு போர்டு சொல்லுது. ஒருத்தர் கூடவா பார்க்கல? ரெண்டுல ஒண்ணு பொய் மேடம். போர்டு... இல்லன்னா பொணம்!"

"இவருக்கு இனிமே இரண்டாம் கட்டம் எதுவும் கிடையாது இன்ஸ்பெக்டர். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"பாப்பா!"

போலீஸ் கட்டியிருந்த மஞ்சள் நாடாவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். அவளை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

அண்ணன்.

நீரூற்றுக்கு நேர் எதிரே அவனுடைய மூக்குக் கண்ணாடிக் கடை. அப்பா நடத்திய கடை ஒரு காலத்தில் கீழே, பழைய கடைவீதியில் இருந்தது. சதுக்கத்துக்காக அந்த வீதியையே இடித்தார்கள். பதிலுக்கு மேலே ஒரு இடம். அதற்கும் அட்வான்ஸ் கேட்டார்கள். அம்மா குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து அண்ணன் கொடுத்தான்.

"காலைல சாப்பிட்டியா பாப்பா?"

"பொணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேக்கற கேள்வியாண்ணா?"

"வேலைக்கு வந்துட்டா நீ சாப்பாட்டையே மறந்துடுவே. அதான் கேட்டேன்."

"உங்க அண்ணன்கிட்டயும் விசாரிச்சாச்சு மேடம்," இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "எதிர்லயே கடை. எப்படிங்க பார்க்காம இருந்தீங்கன்னு கேட்டேன். 'அந்தப் பொம்மைங்க பக்கம் நான் திரும்பறதே இல்ல சார்... வியாபாரம் ஆகலன்னு என்னைப் பார்த்துச் சிரிக்கற மாதிரியே இருக்கும்'னு சொன்னாரு."

இதை அண்ணன் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

* * *

அரசு மருத்துவமனையின் பிணவறையில் குளிர்பெட்டிகள் பாதிக்கு மேல் ஓடவில்லை. புதுசு கேட்டு அவள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில். நிதி இல்லை.

சதுக்கத்திலேயே விட்டிருந்தால் இவர் இன்னும் நன்றாக இருந்திருப்பார் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

கதவு தட்டப்பட்டது.

வெள்ளைச் சட்டை. தங்க பிரேம் கண்ணாடி. மூக்கில் கைக்குட்டை. மாநகராட்சி ஆணையர்... தனியாக!

"உட்காரலாமா டாக்டர்?"

"நாற்காலி ஒண்ணுதான் சார் இருக்கு. இங்க வர்றவங்க பொதுவா படுத்துத்தான் இருப்பாங்க."

ஆணையர் சிரிக்கவில்லை. உட்கார்ந்தார்.

"ஒரு விஷயம் நேரடியா பேசிடலாமா? நாளைக்கு ஓட்டெடுப்பு. இன்னைக்கு இப்படி ஒரு சாவு. அது விதி. ஆனா ரெண்டு நாளா ஒரு பொணம் நடு ஊர்ல உட்கார்ந்திருந்தது, யாருமே பார்க்கலன்னு வெளியில போச்சுன்னா... திட்டம் செத்துடும்."

"திட்டம் உயிரோட இருக்கா சார்?"

அவர் முகம் இறுகியது. ஆனால் குரல் உயரவில்லை.

"நீங்களும் கேலி பண்றீங்க. பரவாயில்ல. ஒரு ஊருக்கு நடுவுல வெளிச்சம் வேணும் டாக்டர். இல்லன்னா நல்லாப் படிச்சவன், சம்பாதிக்கிறவன் எல்லாம் வேற ஊருக்குப் போயிடுவான். பாலம் கட்டினப்போ ஆத்துல மாடு நீந்துதே, பாலம் எதுக்குன்னு கேட்டாங்க. இன்னைக்கு அந்தப் பாலம் இல்லாம இந்த ஊர் இருக்கா? இதுவும் அப்படித்தான். பலன் வரும். கொஞ்சம் காலம் ஆகும்."

திறப்பு விழா அன்று டாக்டரும்தான் கை தட்டினாள். விளக்குகள் எரிந்தபோது அம்மா வாயைப் பிளந்து பார்த்ததும், அண்ணன் அம்மாவைத் தோளோடு அணைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. இந்த மனிதர் சொல்வதில் ஒரு இழை உண்மை இருக்கிறது. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. முழுப் பொய்யாக இருந்தால் வெளியே போங்கள் என்று சொல்லிவிடலாம்.

"என்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்க?"

"இன்னைக்குக் காலைல செத்தாருன்னு எழுதுங்க. ஒரே ஒரு வரி."

"அந்த நேரத்துல அந்த மாடியில இருந்தது துப்புரவுப் பெண் மட்டும்தான். அப்படி எழுதி, இது கொலைன்னு ஆயிட்டா பழி அவங்க தலையில விழும்."

"நல்ல வக்கீலா வெச்சுக் கொடுப்போம்."

"கொலையே பண்ணாதவங்களுக்கு நல்ல வக்கீலா!"

ஆணையர் எழுந்து குளிர்பெட்டிகளின் பக்கம் நடந்தார். ஓடாத ஒன்றின் மேல் விரலால் தட்டினார்.

"இதையெல்லாம் மாத்தித் தந்துடலாம். அப்புறம்... உங்க அண்ணன் கடை அங்கதானே இருக்கு? இரண்டாம் கட்டம் வந்தா மேல் மாடிக்கும் கூட்டம் ஏறும். வரலன்னா மொத்தமா இழுத்து மூடிடுவாங்க. உங்க அம்மா இருக்கற வீடு அடமானத்துல இருக்காமே... கேள்விப்பட்டேன். வயசான காலத்துல பாவம், எங்க போவாங்க?"

அறை இன்னும் சில்லிட்டது போலிருந்தது.

"உடம்பைத் திறக்காம நான் எதுவும் சொல்ல முடியாது சார்."

"சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கேன்."

கதவு மூடியது. ஒரு பக்கம் காலையில்தான் முதன்முதலாகப் பார்த்த ஒரு துப்புரவுப் பெண். இன்னொரு பக்கம் அம்மா. தராசு எந்தப் பக்கம் சாயும் என்று யாராவது கேட்டிருந்தால், அந்த நிமிஷத்தில் அவளால் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்க முடியாது.

போன் அலறியது! அண்ணன்.

"பாப்பா, ஆணையர் அங்க வந்தாராமே? என்ன கேட்டாரு?"

"செத்த நாளை மாத்தி எழுதச் சொல்றாரு. இன்னைக்குக் காலைலன்னு."

"மாத்தாதே!"

அவள் திகைத்தாள்.

"அண்ணா... நான் உண்மையை எழுதினா உன் கடை போயிடும். வீடும்..."

"போகட்டும்! அந்தாள் ரெண்டு நாளா அங்கதான் உட்கார்ந்திருந்தாரு, ஒரு ஈ காக்கா கூட பார்க்கலன்னு எழுது. இந்த ஊர்ல ஒருத்தராவது உள்ளதை உள்ளபடி எழுதணும். அப்பா இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு. அம்மாவை நான் பார்த்துக்கறேன். நீ பயப்படாம எழுது!"

போனை வைத்தபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன. இத்தனை நாளாக அண்ணனை ஒரு ஏமாளி என்று மனதுக்குள் வைத்திருந்தாளே... எவ்வளவு பெரிய தவறு!

கையுறையை மாட்டினாள். கத்தியை எடுத்தாள்.

மண்டையோட்டின் பின்புறம் விரிசல். தோல் கிழியவில்லை. வெளியே ஒரு சொட்டு ரத்தமில்லை. உள்ளே... மூளைக்கு மேல் ரத்தம் கட்டி, தடித்து, மெல்ல மெல்ல அழுத்தியிருந்தது.

அவள் கை நின்றது.

இது சட்டென்று போன உயிர் இல்லை. அடிபட்ட பிறகும் இவர் மூச்சு விட்டிருக்கிறார். நினைவில்லாமல், பல மணி நேரம்! அந்த நேரத்தில் யாராவது ஒருவர் இவரைத் தூக்கி வந்திருந்தால்... மருத்துவமனை அடுத்த தெருதான். அவளே அன்று டூட்டியில் இருந்தாள்.

பிழைத்திருப்பார்.

முகத்துக்கு வந்தாள். மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் ஆழமான பள்ளங்கள். கனமான கண்ணாடியைப் பல வருஷம் சுமந்த மூக்கு. தட்டில் கழற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். மெல்லிய பிரேம். இந்தப் பள்ளங்களில் அது உட்காரவே இல்லை.

தன் கண்ணருகே கொண்டு போனாள். அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

எண்கள் பெரிதாகவில்லை. சிறிதாகவுமில்லை.

பிரேமின் கம்பியைத் திருப்பினாள். உட்புறம் பிசுபிசுவென்று எதுவோ விரலில் ஒட்டியது.

கண்ணாடியை உறையில் போட்டுச் சீல் வைத்தாள். இன்ஸ்பெக்டருக்கு ஆள் மூலம் கொடுத்தனுப்பினாள். போன் செய்தாள்.

"உயிர் போனது வெள்ளிக்கிழமை ராத்திரி இன்ஸ்பெக்டர். அந்தத் துப்புரவுப் பெண்ணை அனுப்பிடுங்க."

"அப்பவே அனுப்பிட்டேன் மேடம். போறப்போ என் மேஜையைத் துடைச்சுட்டுப் போயிருக்காங்க. பழக்க தோஷமாம்! கண்ணாடி வந்துச்சு... இது எதுக்கு?"

அவள் சொன்னாள்.

"அப்படின்னா மேடம்... அந்த மாடியில..."

"ஆமா. நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடியே வாங்க."

அடுத்த போன் ஆணையருக்கு. அது ஒரே ஒரு வார்த்தையில் முடிந்தது.

* * *

சாயங்காலம். சதுக்கத்தின் கீழ்த்தளத்தில் ஜனங்கள் அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறினால் பஸ் நிலையம். வாசலில் பொருத்திய கருவி ஒவ்வொரு தலைக்கும் சிமிட்டியது. எண் ஏறிக்கொண்டே இருந்தது. போர்டு பொய் சொல்லவில்லை. இத்தனை பேரும் வந்தார்கள்தான்... பஸ்ஸைப் பிடிக்க!

அவளுக்காகவும் அது ஒருமுறை சிமிட்டியது.

நகரும் படிக்கட்டில் அவள் ஒருத்திதான் மேலே போனாள்.

எதுவுமே நடக்காத மாதிரி தெரியட்டும் என்று ஆணையர் மதியமே மாடியைத் திறந்துவிடச் சொல்லியிருந்தார். மஞ்சள் நாடா இல்லை. பெஞ்சில் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது.

அண்ணன் கடையில் உட்கார்ந்து லென்ஸ் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா வா! எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். இன்னும் கையெழுத்துப் போடல."

"சபாஷ்! எத்தனை நாளா உட்கார்ந்திருந்தாருன்னு தெளிவா எழுதியிருக்கே இல்ல?"

அவள் ஷோகேஸைப் பார்த்தாள். வரிசை வரிசையாக பிரேம்கள். சின்ன வயதில் அப்பாவின் கடையில் அவளுக்கு இருந்த ஒரே வேலை, பிரேம் கம்பியின் உட்புறத்தில் விலைச் சீட்டு ஒட்டுவது.

"அண்ணா... பவர் இல்லாத கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எவனாவது ஊரை அளக்க வருவானா?"

துணி நின்றது.

"என்ன கேக்கறே?"

"செத்தவர் மூக்குல இருந்தது ஷோகேஸ் பிரேம். கம்பியில விலைச் சீட்டு ஒட்டின பசை இன்னும் இருக்கு. அவரோட சொந்தக் கண்ணாடி எங்க?"

அண்ணன் லென்ஸை மெதுவாக, மிக மெதுவாக, மேஜைமேல் வைத்தான்.

"உடைஞ்சு போச்சு பாப்பா."

அவள் அருகிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்க்ரூ கழண்டுடுச்சுன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாரு. ஒரு வாரத்துல வந்த முதல் ஆளு! உட்கார வெச்சேன். பேச்சுக் கொடுத்தேன். மதிப்பீட்டாளர்னு சொன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டேன் பாப்பா. 'மேல கூட்டமே வரலன்னு எழுதுங்க சார்'னு கெஞ்சினேன். அவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'நான் அறிக்கையை முடிச்சாச்சுங்க. பலன் உண்டுன்னு எழுதியாச்சு. கீழ வாசல்லயே கணக்கெடுத்துட்டேன். இந்த ஸ்க்ரூ மட்டும் கழலலன்னா நான் மேல ஏறியே வந்திருக்க மாட்டேன்'னு சிரிக்கறாரு! மேல ஏறாமலே எழுதியிருக்கான் பாப்பா... என் தலையெழுத்தை!"

"அதனால?"

"நெஞ்சுல கை வெச்சுத் தள்ளினேன். கொல்லணும்னு இல்ல. வாசல் கருங்கல் படியில பின்மண்டை மோதிடுச்சு."

"உனக்குத்தான் இரண்டாம் கட்டம் வந்தா நல்லதாச்சேண்ணா! வரலன்னா கடையை மூடிடுவாங்கன்னு ஆணையர்..."

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

"மூடுவாங்க. திட்டம் தோத்துப்போச்சுன்னு மூடினா, கடைக்காரங்களுக்கு அட்வான்ஸ் மொத்தத்தையும் திருப்பித் தரணும். ஒப்பந்தத்துலயே இருக்கு. அதை உன்கிட்ட அந்த ஆணையர் சொல்லியிருக்க மாட்டாரே! ஜெயிச்சுடுச்சுன்னு எழுதினாத்தான் நான் செத்தேன். தோத்துப்போச்சுன்னு காட்டணும். எப்படிக் காட்டறது? அப்பதான் தோணுச்சு..."

அவன் பார்வை எதிரே இருந்த பெஞ்சுக்குப் போனது.

"கண் பரிசோதனை பண்ற சக்கர நாற்காலியில உட்கார வெச்சுத் தள்ளிட்டுப் போனேன். ஒளிச்சு வைக்கல பாப்பா! நட்ட நடு ஊர்ல, வெளிச்சத்துல, போர்டுக்குக் கீழ உட்கார வெச்சேன். எத்தனை நாள் யாரும் பார்க்காம இருக்காங்களோ, அத்தனை நாளும் எனக்குச் சாட்சி!"

போனில் கேட்ட அந்தக் குரல்... உண்மையை எழுது பாப்பா! அவள் கண்ணீர் விட்ட அந்த நேர்மை!

"கண்ணாடி எதுக்கு மாட்டினே?"

அவன் தலை குனிந்தான்.

"மூக்குல அந்தப் பள்ளத்தோட முகம் வெறுமையா இருந்துச்சு. என்னால பார்க்க முடியல. கை தானாப் போயி ஒண்ணை எடுத்து மாட்டி, காதுக்குப் பின்னால நேர் பண்ணி விட்டுடுச்சு. இருபது வருஷப் பழக்கம்."

"அண்ணா..." அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அவர் அப்போ சாகல. ராத்திரி வரைக்கும் உயிர் இருந்திருக்கு."

அவன் அதிர்ச்சி அடைவான் என்று எதிர்பார்த்தாள். உள்ளூர அதற்காக வேண்டிக்கொண்டாள்.

அவன் அசையவில்லை.

"தெரியும்."

"என்ன?"

"கண்ணாடியை மாட்டினதும் லென்ஸ்ல ஆவி படிஞ்சுது. மறைஞ்சுது. மறுபடியும் படிஞ்சுது. இங்கயே உட்கார்ந்து பார்த்துட்டிருந்தேன். யாராவது ஒருத்தர் பார்த்துக் கத்தட்டும், முதல் ஆளா நானே ஓடித் தூக்கறேன்னு நினைச்சேன். சத்தியமா! கடை மூடற வரைக்கும் காத்திருந்தேன். ஒருத்தர் வரல பாப்பா. ஒருத்தர்!"

"நீ இருந்தியேண்ணா."

அவன் முகம் சுருங்கியது. அடித்திருந்தால் கூட அப்படிச் சுருங்கியிருக்காது.

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். லென்ஸ் துடைக்கும் துணி இன்னும் அந்தக் கையில் இருந்தது.

"தள்ளினதுக்கு நான் ஜெயிலுக்குப் போறேன். கோபத்துல நடந்துடுச்சுன்னு கொஞ்ச வருஷம் போடுவாங்க. திரும்பி வந்துடுவேன். ஆனா உயிர் இருக்கறது தெரிஞ்சே விட்டுட்டேன்னா... அது வேற பாப்பா. அம்மா என்னை உயிரோட பார்க்க மாட்டா. நாள் உண்மைதானே? அதை உண்மையாவே எழுது. அம்மாவுக்கு வீடு திரும்பி வரும். இந்த ஒரு வரியை மட்டும்... அடிபட்ட உடனே போயிட்டாருன்னு... ஒரே ஒரு வரி!"

"ஆணையரும் ஒரே ஒரு வரிதான் கேட்டாரு."

"அவருக்கு என்ன சொன்னே?"

"முடியாதுன்னேன்."

"நான் உன் அண்ணன் பாப்பா..."

அவள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கடை மேஜையில், பிரேம்களுக்கு நடுவே, அறிக்கையை விரித்தாள். எதையும் அடிக்கவில்லை. எதையும் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

"உனக்கும் அதேதாண்ணா."

வெளியே பூட்ஸ் சத்தம்!

இன்ஸ்பெக்டர். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களுக்குப் பின்னால்...

டாக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள்.

நகரும் படிக்கட்டு நிறைய ஜனங்கள்! பொம்மையோடு பொம்மையாக உட்கார்ந்திருந்த பிணத்தின் கதை ஊருக்குள் பரவிவிட்டது. எந்த பெஞ்சு, எந்த மூலை, எந்தப் பொம்மையின் தோள் என்று பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். நீரூற்றைச் சுற்றி நிற்க இடமில்லை. காலியாக இருந்த அந்த இடத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்!

"போலாமா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர், வாசலில் நின்றபடி.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கழுத்தை நீட்டினார்.

"கடைக்காரரே! படிக்கிற கண்ணாடி இருக்குங்களா? நல்ல பிரேமாப் பார்க்கணும். வீட்டம்மாவுக்கும் சேர்த்து ரெண்டு!"

அண்ணன் துள்ளி எழுந்தான். அழுத முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

"வாங்க சார், வாங்க! உள்ள வந்து உட்காருங்க!"

சட்டென்று அவள் காதருகே குனிந்தான்.

"பாப்பா... இன்ஸ்பெக்டரை ரெண்டே ரெண்டு நிமிஷம் வெளிய நிக்கச் சொல்லு. கஸ்டமர் வந்திருக்காரு!"

அவள் மெதுவாகத் தலையசைத்து மறுத்தாள்.

"வரிசைப்படிதாண்ணா. இன்ஸ்பெக்டர்தான் முதல்ல வந்தாரு."